பிரேக் சார்

“அதை நான்தான் முதல்ல பார்த்தேன்.”

சொன்ன பிறகு அவளுக்கே வெட்கமாகப் போயிற்று. முப்பதைத் தொடப்போகிறவள் பேசுகிற பேச்சா இது... ஆனாலும் சைக்கிளின் கைப்பிடியை அவள் விடவில்லை. எதிரே நின்றவனும் இருக்கையின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

சைக்கிள் கடைக்கு வெளியே மழை சோவென்று கொட்டிக்கொண்டிருந்தது. ஓடி வந்திருக்கிறான் போல. மூக்குக் கண்ணாடி முழுக்கத் துளிகள். அதைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்ப்பதுதான் அவள் வேலை. கண் என்றால் அவளுக்குக் கருவிழி, விழித்திரை, பவர்... அவ்வளவுதான். ஆனால் கண்ணாடி இல்லாத அந்தக் கண்கள், எதுவும் சரியாகத் தெரியாமல், அவள் நின்ற பக்கமாகக் குத்துமதிப்பாகச் சிரித்தபோது, இதற்கு என்ன பவர் இருக்கும் என்று யோசிக்க அவளுக்குத் தோன்றவில்லை.

“பார்த்தது நீங்களா இருக்கலாம். எடுத்து வைக்கச் சொன்னது நான்,” என்றான் அவன்.

கடைக்காரர் டீ டம்ளரை வைத்துவிட்டு வந்தார். இருவரிடமும் அனுமதிச் சீட்டைக் கேட்டார். ஊரில் ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரி தன் ஊழியர்களுக்குச் சைக்கிள் திட்டம் ஒன்று அறிவித்திருந்தது. பிடித்த வண்டியை எடுத்துக்கொள்ளலாம். சம்பளத்தில் மாதாமாதம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு சீட்டிலும் அதே ஆஸ்பத்திரியின் முத்திரை. ஒரே கூரைக்குக் கீழே வேலை பார்த்துக்கொண்டு இங்கே வந்துதான் சண்டை போட வேண்டுமா என்று கேட்டார் கடைக்காரர்.

அவன் அவளுடைய சீட்டை எட்டிப் பார்த்தான். அவள் எழுதியிருந்த எண்களில் கண் நின்றது.

“நீங்கதானா அந்த ஏழு?”

“எந்த ஏழு?”

“உங்க ஏழு ஒண்ணு மாதிரியே இருக்கும். நான் கீழ்த்தளத்துல லென்ஸ் தேய்க்கிறவன். நீங்க எழுதி அனுப்புறது எழுபதா பத்தான்னு மண்டையை உடைச்சுக்கிறதே என் பாதி வேலை.”

“போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே...”

“கேட்பேனே. எப்பவும் வேற யாராவதுதான் எடுப்பாங்க.”

அதை அவன் கொஞ்சம் குறைப்பட்டுக்கொள்வது போலச் சொன்னான். அவள் சட்டென்று சைக்கிளைப் பார்த்தாள்.

அழகான வண்டி அது. சாம்பலும் நீலமும் கலந்த நிறம். ஒரே கியர். கம்பி, ஒயர், மணி ஒன்றும் கிடையாது. காகிதத்தில் பென்சிலால் ஒரே இழுப்பில் வரைந்தது போல மெலிந்து நின்றது. அக்காவின் பழைய சைக்கிளில் பின்னால் உட்கார்ந்தே வளர்ந்தவள் அவள். பிறகு அதே சைக்கிளை ஓட்டவும் கற்றுக்கொண்டாள். அவளுக்கென்று ஒரு சைக்கிள் ஒருநாளும் இருந்ததில்லை. இருந்தால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தபோதே மனசு சொல்லிவிட்டது.

இது ஃபிக்ஸட் கியர் வண்டி, சாதா சைக்கிள் இல்லை என்று கடைக்காரர் எடுத்துச் சொன்னார். பெடலும் பின்சக்கரமும் ஒட்டிப் பிறந்த மாதிரி. சக்கரம் சுற்றுகிறவரை பெடலும் சுற்றும். காலை நிறுத்திவிட்டு ஹாயாக உருள முடியாது. வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால் காலாலேயே பெடலை எதிர்த்துப் பிடிக்க வேண்டும். பயமாக இருந்தால் பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினால் சாதா சைக்கிள் போல ஓடும். அவளை வண்டிக்கு இரண்டு பக்கமும் காலூன்றி நிற்கச் சொல்லிப் பார்த்தார். சொல்லி வைத்துச் செய்தது போலிருந்தது உயரம்.

“சரி, நீங்களே எடுத்துக்குங்க,” என்றான் அவன். “ஒரே ஒரு நிபந்தனை. முன்னால ஒரு பிரேக் மாட்டிக்கணும்.”

“பிரேக் மாட்டினா அழகே போயிடும்.”

“விழுந்தா பல்லும் போயிடும்.”

“என் சைக்கிளுக்கு நிபந்தனை போட நீங்க யாரு?”

“இன்னும் உங்க சைக்கிள் ஆகலையே...”

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். முடியவில்லை. கடைக்காரர் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு பிரேக்கைத் தேட உள்ளே போய்விட்டார். அவன் தனக்கென்று ஓரமாகக் கிடந்த கறுப்பு வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தான். எருமை மாதிரி இருக்கிறது என்று அவள் சொல்ல, எருமைதான் மழைக்கு நல்லது என்றான்.

மழை விடுகிற வழியாகத் தெரியவில்லை. இருவரும் கடை வாசலில் நின்றார்கள். பேச ஒன்றும் இல்லாமல், ஆனால் கிளம்பவும் மனமில்லாமல்...

வீட்டில் எதிர்பார்த்ததுதான் நடந்தது. அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கடைசி பெஞ்சுவரை கேட்கிற குரல். அம்மா போனபிறகு தங்கையை வளர்த்தது அக்காதான். அந்த உரிமையும் பயமும் குரலில் சேர்ந்தே இருக்கும். பஸ் இருக்கும்போது சைக்கிள் எதற்கு, அதுவும் இந்த எலும்புக்கூடு எதற்கு என்று ஆரம்பித்தாள். மாமா வண்டியைச் சுற்றி வந்து, இதற்குச் சாப்பாடு போட்டுத் தேற்றித்தான் ஓட்ட வேண்டும் போல என்றார். கடைசியில் அக்கா முன் பிரேக்கை அழுத்திப் பார்த்தாள். இது இருக்கிறவரை ஓட்டு, இல்லையென்றால் விற்றுவிடுவேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் நிற்கிற வெற்றிடம். வேலை தொடங்குவதற்கு முன் அங்கேதான் பாடம். திட்டத்தில் வண்டி வாங்கிய நாலைந்து பேர் வருவார்கள். இந்த மாதிரி வண்டியை முன்பே ஓட்டிப் பழகியிருந்ததால், அவன்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பான். முதல் நாளே அவள் பழக்க தோஷத்தில் காலை நிறுத்த, பெடல் அவளைத் தூக்கி அடித்தது. அவன் இருக்கையைப் பிடித்துக்கொண்டதால் தப்பித்தாள்.

யாரையும் ஏறவிடுவதற்கு முன் அவன் பிரேக்கை ஒருமுறை அழுத்திப் பார்ப்பான். தினமும், தவறாமல். ‘பிரேக் சார்’ என்று அவள்தான் பெயர் வைத்தாள். அது ஆஸ்பத்திரி முழுக்கப் பரவி, டாக்டர்கள்கூட அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. அவள் கூப்பிடும்போது மட்டும் திரும்புகிற வேகம் வேறாக இருந்தது.

கீழ்த்தளத்திலிருந்து அவளுடைய அறைக்குப் போன் வர ஆரம்பித்தது. இது எழுபதா, பத்தா? முதலில் வாரத்துக்கு ஒருமுறை. பிறகு தினமும். தெளிவாக எழுதினால்கூட வந்தது. அவளும் பார்த்தாள்... கொஞ்சம் கிறுக்கலாகவே எழுதத் தொடங்கினாள்.

ஓரளவு பழகியபிறகு காலைப் பாடம் தெருச் சவாரியாக மாறியது. அப்படி ஒரு காலைச் சவாரியில் மழை பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் முன்னால் போய்விட, இவர்கள் இருவரும் பஸ் நிறுத்தத்தில் ஒதுங்கினார்கள். அவள் முகத்திலிருந்து நீர் வழிந்தது. இமை நுனியில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்...” என்றான்.

அவள் காத்திருந்தாள். நெஞ்சு அடித்துக்கொண்டது மழைக்கு மேலே கேட்டுவிடுமோ என்று பயமாக இருந்தது.

“இல்ல... அப்புறம் சொல்றேன்.”

என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நானாக ஏன் கேட்க வேண்டும், வேண்டுமென்றால் அவனே சொல்லட்டுமே என்று இருந்துவிட்டாள். அப்போது அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. நாள் நிறைய இருக்கிறது என்றுதான் தோன்றியது.

அந்த வாரக் கடைசியில் அவன் சொந்த வேலையாக ஊருக்குப் போனான். அவன் இல்லாத நாட்களில்தான் நிர்வாகத்திலிருந்து புகைப்படக்காரரை வரவழைத்தார்கள். சைக்கிள் திட்டத்துக்குச் சுவரொட்டி போட வேண்டுமாம். அவளும் அவளுடைய சாம்பல் நீல வண்டியும்தான் அதில் வரப்போகிறார்கள். அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முதல்நாள் சாயங்காலம் கூட வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தி வண்டியைப் பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது, இந்த ஒயர்தான் டிரிப்ஸ் டியூப் மாதிரி தொங்குகிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்படியா... அப்படித்தான் இருந்தது. ஒருமுறை அப்படிப் பார்த்தபிறகு வேறு மாதிரி பார்க்க முடியவில்லை.

மாமாவின் ஸ்பேனரை எடுத்து, அவளே பிரேக்கைக் கழற்றினாள். படம் எடுத்து முடிந்ததும் மாட்டிவிடுவோம் என்றுதான் நினைத்தாள். படம் பிரமாதமாக வந்தது. பிரேக் இல்லாமல் அன்று வீட்டுக்கு ஓட்டிப் போனாள்; ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் ஆகவில்லை. கால் பழகிவிட்டது, இனி எதற்கு என்று தோன்றியது. கழற்றிய பிரேக் மேஜை இழுப்பறையில் கிடந்தது.

திங்கட்கிழமை காலை மேம்பாலத்து இறக்கம். இரவு பெய்த மழையில் சாலை வழுவழுவென்று இருந்தது. அவன் ஊரிலிருந்து அன்று காலைதான் திரும்பியிருந்தான்; யார் பிரேக்கையும் அழுத்திப் பார்க்க நேரமில்லாமல், கிளம்பிவிட்டவர்களோடு வழியில் சேர்ந்து எல்லோருக்கும் பின்னால் வந்துகொண்டிருந்தான். அவள் முன்னால் போனாள். அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற நினைப்பிலேயே போனாள். இறக்கத்தில் பெடல் வேகம் பிடித்தது. கால் தானாகச் சுழன்றது. எதிர்த்துப் பிடிக்கப் பார்த்தாள். ஈரச் செருப்பு வழுக்கிக் கால் பெடலைவிட்டு நழுவியது. காலில்லாமல் பெடல் தறிகெட்டுச் சுற்றியது. கை பழக்கத்தில் பிரேக்கைத் தேடியது...

ஓரமாகக் கொட்டியிருந்த மணல் குவியல்தான் அவளைக் காப்பாற்றியது. மணிக்கட்டு மட்டும் முறிந்தது.

அவளை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தவர்கள், கைக்கு ஒரு பலகை வைத்துக் கட்டி, எலும்பு டாக்டரிடம் அனுப்புவதற்காக முன்கூடத்தில் உட்கார வைத்தார்கள். அவன் வளைந்த சக்கரத்தோடு வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு அப்போதுதான் உள்ளே வந்தான். பள்ளிக்கூடத்திலிருந்து அக்காவும் ஓடிவந்தாள்.

தங்கையின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள். பிரேக் இருந்த இடத்தைப் பார்த்தாள். இதை யார் ஓட்டச் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டாள். பதில் வருவதற்குள் வண்டியைத் தூக்கிக்கொண்டு நின்றவனிடம் போய்விட்டாள்.

“பிரேக்கே இல்லாத வண்டியில ஏத்திவிட்டிருக்கீங்களே... உங்க வீட்டுப் பொண்ணா இருந்தா இப்படிச் செய்வீங்களா?”

கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு வரிசையாகக் காத்திருந்தவர்கள், கண்ணை மூடியபடியே காதைத் திருப்பினார்கள். நர்ஸுகள் நின்றார்கள். மாடிப்படியில் டாக்டர்கள் நின்றார்கள். அக்கா நிறுத்தவில்லை. பொறுப்பு இல்லாதவன் என்றாள். விளையாட்டுக்கு ஒரு உயிர்தான் கிடைத்ததா என்றாள்.

அவன் தலையைத் திருப்பி, உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. நீ சொல்லேன் என்பது போல... அவ்வளவுதான்.

நான்தான் கழற்றினேன். இரண்டே வார்த்தை. நாக்கு நுனிவரை வந்தது. இத்தனை பேர் முன்னால், அழகுக்காகப் பிரேக்கைக் கழற்றினேன் என்று எப்படிச் சொல்வது? அக்கா என்ன நினைப்பாள்? வீட்டுக்குப் போய் மெல்லச் சொல்லிக்கொள்ளலாம்... அவள் தலையைக் குனிந்து கைக்கட்டைப் பார்த்தாள்.

“தப்புதாங்க,” என்றான் அவன் அக்காவிடம். “நான் இன்னும் கவனமா இருந்திருக்கணும்.”

வீட்டுக்குப் போய் அவள் சொல்லவில்லை. வலி தீரட்டும் என்று இருந்தாள். பிறகு அக்கா கோபம் ஆறட்டும் என்று இருந்தாள். அவனுக்குச் செய்தி எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். அவனிடமிருந்து ஒரு போனும் வரவில்லை. பார்க்கக்கூட வரவில்லையே என்று, தப்புச் செய்தவளுக்கே ரோஷம் வந்தது. கட்டுப் பிரித்து வேலைக்குத் திரும்பிய நாளில் நேராகக் கீழ்த்தளத்துக்குத்தான் போனாள். லென்ஸ் அறையில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார். காலைச் சவாரியை நிர்வாகம் நிறுத்திவிட்டது, பிரேக் சாரைக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள், அவராகவே வெளியூர்க் கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்று அந்தப் புதியவர் சொன்னார்.

அவளுடைய படம் போட்ட சுவரொட்டி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருந்தது. அன்றிலிருந்து அவள் லிஃப்ட் பக்கம் போகாமல் படியேறிப் போக ஆரம்பித்தாள்.

மாதங்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். பேச்சு எங்கெங்கோ போய்ச் சைக்கிளில் வந்து நின்றது. நல்லவேளை, அந்தப் பொறுப்பில்லாதவன் ஊரைவிட்டே போய்விட்டான் என்றாள் அக்கா.

“அக்கா... பிரேக்கைக் கழட்டினது நான்.”

அக்காவின் கை நின்றது.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். படம், டிரிப்ஸ் டியூப், ஸ்பேனர், மழையில் பஸ் நிறுத்தம்... சொல்லாமல் விட்டதையும் சொன்னாள். அக்கா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். கடைசி பெஞ்சுவரை கேட்கிற குரல் அன்று பக்கத்தில் இருந்தவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

“அத்தனை பேர் முன்னாடி ஒரு மனுஷனை நான்... ஏன்டி, என்கிட்ட உனக்கு அவ்வளவு பயமா?”

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “போய்ப் பார்த்துட்டு வா. எனக்காகவும் சேர்த்து மன்னிப்புக் கேளு. மத்ததையும் சொல்லிட்டு வா,” என்றாள்.

அடுத்த விடுமுறை நாளில் பஸ் ஏறினாள். வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள்.

அந்தக் கிளை சிறியது. லென்ஸ் அறை தெருவைப் பார்த்து இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் அவன் ஒரு லென்ஸைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான். முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை அவள் பார்த்தாள். அதற்குப் பின்னால் என்னவோ வந்து அதை மூடியதையும் பார்த்தாள்.

வரவேற்பில் இருந்த பெண் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். துறுதுறுவென்ற கண்கள். நீங்கள்தானா அது, உங்களைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார், அந்தச் சைக்கிளை இவ்வளவு சீக்கிரம் ஓட்டப் பழகியவர்கள் வேறு யாரும் இல்லையாமே என்று மூச்சுவிடாமல் பேசினாள். விழுந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவன் சொல்லவில்லை போலிருக்கிறது.

“இவங்களுக்கும் எனக்கும் அடுத்த மாசம் கல்யாணம்,” என்றான் அவன், மெதுவாக.

வாழ்த்துகள் என்று சொன்னாள். தண்ணீரைக் குடித்து முடித்தாள். டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். அந்தப் பெண் மேல் கோபம் வந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. வரவில்லை. நல்ல பெண்.

பஸ் நிலையம்வரை அவன் கூட நடந்து வந்தான். வானம் மூடிக்கொண்டு வந்தது. ஒத்திகை பார்த்ததில் பாதி மறந்துவிட்டது. அன்றைக்கு நான் வாயைத் திறந்திருக்க வேண்டும், அக்காவுக்கு இப்போது எல்லாம் தெரியும், அவளும் மன்னிப்புக் கேட்கச் சொன்னாள் என்று தடுமாறித் தடுமாறிச் சொன்னாள்.

“நீங்க கழட்டினதுன்னு எனக்கு அப்பவே தெரியும்,” என்றான். “வண்டியைத் தூக்கினதுமே பார்த்துட்டேன்.”

“அப்புறம் ஏன் சொல்லலை?”

“நீங்க சொல்வீங்கன்னு நினைச்சேன். அன்னைக்கு இல்ல, அன்னைக்கு உங்களுக்கு வலி. அடுத்த நாள் சொல்வீங்கன்னு நினைச்சேன். அதுக்கு அடுத்த நாளும்...” அவன் சிரித்தான். “எல்லாரும் திட்டினது ஒண்ணும் பெரிசில்ல. நான் எதிர்பார்த்துட்டேன் பாருங்க. அதுதான்...”

அவள் அழவில்லை. அழுவதற்கு எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று நினைத்தாள்.

பஸ் வந்து நின்றது. ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள். முதல் துளிகள் அவன் கண்ணாடியில் விழுந்தன. அவன் துடைத்துக்கொள்ளவில்லை.

“உங்களை எனக்குப் பிடிச்சிருந்தது,” என்றான். “ரொம்ப... அன்னைக்கே சொல்லியிருக்கணும். தப்பு உங்க மேல மட்டும் இல்ல.”

பிடிச்சிருந்தது. எத்தனை நாள் எத்தனை விதமாகக் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை... வந்துவிட்டது, அதன் காலம் முடிந்தபிறகு. கண்டக்டர் அவளைப் பார்த்து, வருகிறீர்களா இல்லையா என்று கேட்டார். அவள் படியில் ஏறினாள். அப்படியே உள்ளே போய் உட்கார்ந்திருக்கலாம். இன்னொரு முறை பேசாமல் இருந்துவிட அவளால் முடியவில்லை. திரும்பி நின்றாள்.

“எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு,” என்றாள். “நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். சொல்லாம போகக் கூடாதுன்னுதான்.”

அவன் தலையசைத்தான். கண்ணாடி முழுக்க மழை. அதற்குப் பின்னால் இருந்த கண்களை அவளால் பார்க்க முடியவில்லை. பஸ் நகர்ந்தது.